முகம் தேறாத டாக்டர்

மெர்வின் டால்பட்டின் முகத்தில் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏறிய நெற்றி, ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்த மூக்கு, கண்ணுக்குக் கீழே தொங்கிய சதை. நியூயார்க்கில் சுரங்க ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் அப்படி நாலைந்து முகங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த முகத்தைப் பற்றி ஐம்பது வயதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காரணம், அவர் வானொலி நடிகர்.

வானொலியில் அவர்தான் டாக்டர் ஆல்டன். "பதறாதீங்க. எங்க வலிக்குதுன்னு நிதானமா சொல்லுங்க" என்று அந்தக் கனத்த, இளஞ்சூடான குரல் கேட்டதும் நாடு முழுவதும் அடுப்படியில் நின்ற பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று யோசித்தார்கள். முட்டிவலிக்கும் மூலத்துக்கும் மருந்து கேட்டு அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவர் மனைவி ஐடாதான் பதில் எழுதுவாள். "டாக்டர் ஆல்டன் நடிகர். தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்கள்." அதைப் படித்துவிட்டு, டாக்டரின் அடக்கத்தைப் புகழ்ந்து மறுபடியும் எழுதினார்கள்.

பிறகு டெலிவிஷன் வந்தது.

நாடகத்துக்குப் பணம் கொடுப்பது மெரிவேல் சூப் கம்பெனி. அந்தக் காலத்தில் நாடகம் டெலிவிஷன் நிலையத்துக்குச் சொந்தமில்லை, எழுதியவருக்கும் சொந்தமில்லை. யார் சூப் விற்கிறாரோ அவருக்குச் சொந்தம். டாக்டர் ஆல்டனை டெலிவிஷனுக்குக் கொண்டுபோவது என்று முடிவானதும், கம்பெனியின் உபதலைவர் ஸ்டான்ஹோப் மெர்வினை வரச்சொல்லி, எழுந்து நின்று கைகுலுக்கினார். பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் லூபி நின்றார். உபதலைவர் எதைச் சொன்னாலும், அது தனக்கு முன்பே தோன்றியது போலத் தலையாட்டுவது லூபியின் வேலை.

"மிஸ்டர் டால்பட், உங்க முகத்தை ஒஹாயோவுக்கு அனுப்பியிருந்தோம்," என்றார் ஸ்டான்ஹோப்.

"என்ன சார்?"

"போட்டோவைத்தான். அங்க இருக்கிற குடும்பப் பெண்கள்கிட்ட காட்டிக் கேட்டோம். நேர்மையான முகம்னு சொல்லிட்டாங்க."

மெர்வின் சந்தோஷப்பட்டார்.

"அதுதான் பிரச்சினை," என்றார் ஸ்டான்ஹோப். "நேர்மையான முகத்தைப் பார்த்தா ஏதோ கெட்ட செய்தி சொல்ல வந்த மாதிரி இருக்காம். எங்களுக்கு வேண்டியது நேர்மை இல்லை சார், நம்பிக்கை. நேர்மையா இருக்கிறவன் எந்த நேரத்துல என்ன சொல்வான்னு யாருக்குத் தெரியும்? நம்பிக்கை அப்படி இல்லை. சொன்ன இடத்துல நிக்கும்."

"நிக்கும்," என்றார் லூபி.

நம்பிக்கையான முகம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. நெப்ராஸ்காவிலிருந்து வந்து, சட்டை விளம்பரங்களுக்கு நின்றுகொண்டிருந்த டெக்ஸ்டர் வேன் என்ற இளைஞன். தாடை இருந்தது, தோள் இருந்தது, காதோரம் பொய்யாகத் தீட்டிய நரையும் பொருந்தியது. வாயைத் திறந்தால்தான் சைக்கிள் பிரேக் தேய்ந்ததைப் போல ஒரு கிறீச்சொலி வந்தது. ஒஹாயோவுக்குப் போட்டோ மட்டும் போனதால் இது தெரியாமல் போயிற்று.

"ஆக, ரெண்டு பேருமே டாக்டர் ஆல்டன்தான்," என்று ஸ்டான்ஹோப் தாராளமாக அறிவித்தார். "ஒருத்தர் முகம் தெரியும், இன்னொருத்தர் குரல் கேட்கும்."

அன்று மாலை ஐடா இதைக் கேட்டுவிட்டு, இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ நீ எங்க நிப்ப?"

"சுவத்துக்குப் பின்னால."

"எந்தச் சுவத்துக்கு?"

"டாக்டர் வீட்டுச் சுவத்துக்கு. காகிதச் சுவர்தான், ஐடா. நல்லா கேக்கும்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஒஹாயோக்காரிகளுக்குக் கண்ணு அவிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.

மேற்குப் பக்கத்துப் பழைய நாடகக் கொட்டகை ஒன்றில் நாடகம் நடந்தது. எல்லாமே நேரடி ஒளிபரப்பு. ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், அழிக்க முடியாது. விளக்குகளின் சூட்டில் டெக்ஸ்டரின் நரை உருகிக் கழுத்துக்கு இறங்கும். மெர்வின் காகிதச் சுவரில் குத்திய ஓட்டை வழியாக அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். டெக்ஸ்டர் நல்ல பையன். இடைவேளையில் சுவருக்குப் பின்னால் காபி கொண்டுவந்து கொடுத்து, "உங்க சாப்பாட்டை நான் திங்கற மாதிரி இருக்கு, மிஸ்டர் டால்பட்," என்று கிறீச்சிடுவான்.

"தின்னுப்பா. எனக்குப் பசிச்சா சொல்றேன்," என்பார் மெர்வின்.

இந்த ஏற்பாடு சரிப்பட்டு வந்ததும் ஸ்டான்ஹோப்புக்கு வேறொரு சந்தேகம் வந்தது. ஒத்திகையை நிறுத்தச் சொன்னார்.

"இந்தக் கதையில ஒரு பொம்பளைக்கு நிமோனியான்னு வருதே, அவங்க வீட்டுல என்ன சூப்?"

நாடகத்தை எழுதியவர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"நம்ம நாடகத்துல எல்லா வீட்டுலயும் மெரிவேல் சூப்தானே? மெரிவேல் குடிக்கிற வீட்டுல நிமோனியா எப்படிய்யா வரும்? காய்ச்சலையும் எடுங்க. வயித்து வலின்னு யாராவது வாயைத் திறந்தீங்களோ, கோர்ட்டுல பார்ப்பேன்."

ஆக, டாக்டர் ஆல்டனின் ஊரில் நோய் ஒழிந்தது. நோயாளிகள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தொலைந்த நாயைப் பற்றிப் பேச வந்தாள். ஒருவன் மாமியாரோடு எப்படி ஒத்துப்போவது என்று கேட்டான். சாவி காணவில்லை என்று வந்தவருக்கு டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, கோட்டுப் பையில் தேடச் சொன்னார். நாடு நெகிழ்ந்தது. சூப் விற்றது.

அந்த வருஷமே ஒரு மருத்துவர் சங்கம், மருத்துவத் தொழிலின் கௌரவத்தை உயர்த்தியதற்காக டாக்டர் ஆல்டனுக்குத் தங்க முலாம் பூசிய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை வழங்கியது. விழாவில் டெக்ஸ்டர் ஏற்புரை நிகழ்த்த, மெர்வின் மேடைக்கு அடியில் மண்டியிட்டு அதைப் பேசினார். பாதியில் தூசி ஏறி அவர் தும்மியபோது, மேலே டெக்ஸ்டர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். டாக்டருக்கும் ஜலதோஷம் வரும் என்பதைப் பார்த்துப் பல டாக்டர்கள் கண்கலங்கினார்கள். ஸ்டான்ஹோப் மட்டும் அது மெரிவேலுக்கு நல்லதல்ல என்று மறுநாள் எழுத்து மூலம் கண்டித்தார்.

இலையுதிர் காலத்தில் ஐடாவுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆற்றோரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, திறந்து பார்த்து, அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் மெர்வினைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பரவிடுச்சு மிஸ்டர் டால்பட். வசந்தம் வரைக்கும் இருந்தா அதிகம். அவங்ககிட்ட சொல்லவேண்டாம்."

"அவ கேட்பாளே?"

"எல்லாரும் கேட்பாங்க. நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லை. புண்ணுன்னு சொல்லுங்க. நீங்க நடிகர்தானே?"

மெர்வின் உள்ளே போய், கட்டிலோரம் உட்கார்ந்து, "புண்ணுதான்," என்றார். முப்பது வருஷத் தொழிலில் அவ்வளவு கச்சிதமாக ஒரு வசனத்தை அவர் பேசியதில்லை. ஐடா கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள், தனக்கு என்ன என்று மறுபடியும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பெண்கள் வார்டின் கோடியில் யாரோ தானமாகக் கொடுத்த டெலிவிஷன் பெட்டி இருந்தது. டாக்டர் ஆல்டன் வரும் நேரத்தில் நடக்க முடிந்தவர்கள் நாற்காலியிலும், முடியாதவர்கள் தலையணையில் சாய்ந்தும் பார்ப்பார்கள்.

"அந்தக் குரல் என் புருஷனோடது," என்று ஐடா ஒருநாள் சொல்லிவிட்டாள்.

அடுத்த கட்டில்காரி, பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்த மிஸஸ் புருஸ்கா, தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, சாயங்காலம் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் வராரே, அவரா? அவரைப் பார்த்தா சவப்பெட்டி அளவெடுக்க வந்தவர் மாதிரி இருக்கார்!"

மாலையில் மெர்வின் வந்ததும் வார்டே அவரைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்தது. "டாக்டர் மாதிரி ஏதாவது பேசிக் காட்டுங்க சார்," என்றாள் புருஸ்கா. மெர்வின் ஐடாவைப் பார்த்தார். வெளியில் எங்கும் அந்தக் குரலில் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சன்னமான குரலில், "எனக்கு அதெல்லாம் வராதும்மா," என்றார். ஐடா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விஷயம் புருஸ்காவின் மகள் மூலமாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் ஆல்டனுக்குப் பொண்டாட்டி இருக்கிறாளா என்று அவள் கோபமாகக் கேட்டு எழுதியிருந்தாள். நாடகத்தில் டாக்டர் பிரம்மச்சாரி. ஸ்டான்ஹோப் அவசரக் கூட்டம் போட்டார். மெர்வினையும் கூப்பிட்டார்கள்.

"வதந்தியை மறுத்தா வளரும்," என்றார் ஸ்டான்ஹோப். "கட்டிப் பிடிச்சாதான் சாகும். நன்றி அறிவிக்கும் பண்டிகை வாரத்துல டாக்டர் ஆல்டன் அந்த வார்டுக்கே போறார். நேரடி ஒளிபரப்பு. அந்தப் பொம்பளையோட கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசுறார். புருஷன் பொண்டாட்டின்னு இனி எவன் பேசுவான்?"

"சார், அவ என் மனைவி," என்றார் மெர்வின்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் லூபி. "தனியா ஒத்திகை வேண்டியதில்லை."

"அவளுக்கு உடம்பு சரியில்லை சார். ரொம்ப..."

"அதைப் பத்தியும் யோசிச்சிருக்கோம்," என்று ஸ்டான்ஹோப் பரிவோடு சொன்னார். "வார்டுல இருக்கிறவங்க எல்லாருமே நோயாளி மாதிரி தெரியறாங்க. அது சரிப்படாது. அன்னிக்கு ஒரு பொழுது அவங்களை வெளியே வச்சுட்டு, நல்ல ஆரோக்கியமான பொண்ணுங்களைப் படுக்கவச்சிடலாம்."

அப்படியே நடந்தது. ஒளிபரப்பு நாளன்று நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் நிறுத்தி, டெலிவிஷன் பெட்டியையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். விளம்பர நிறுவனம் அனுப்பிய பெண்கள் கன்னத்தில் சிவப்பு பூசிக்கொண்டு வார்டு முழுவதும் படுத்துக்கொண்டார்கள். ஐடா ஒருத்திதான் உண்மையில் நோயாளி. அவளுக்கு உதட்டுச் சாயம் தீட்டி, மஞ்சள் பாரித்த கையைப் போர்வைக்குள் வைக்கச் சொன்னார்கள். அவள் கட்டிலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணித் தடுப்பு. அதன் பின்னால் ஒரு முக்காலியில் மெர்வின், கையில் மைக்கோடு.

விளக்குகள் எரிந்தன. டெக்ஸ்டர் நரையோடும் தங்க முலாம் ஸ்டெதாஸ்கோப்போடும் நடந்து வந்து அவளருகே உட்கார்ந்தான்.

"என்னம்மா, எப்படி இருக்கீங்க? முகத்துல நல்ல தெளிவு வந்திருக்கே," என்றது மெர்வினின் குரல். டெக்ஸ்டரின் உதடு அசைந்தது.

'உங்களைப் பார்த்ததுமே சரியாகிவிட்டது டாக்டர்' என்பது ஐடாவுக்குக் கொடுத்த வசனம். அவள் டெக்ஸ்டரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, துணித் தடுப்பைப் பார்த்தாள்.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு வயித்துல புண்ணுன்னு என் புருஷன் சொல்றார். அவர் நடிகர். நல்லாவே சொல்றார். ஆனா நீங்க யார்கிட்டயும் பொய் சொன்னதில்லைன்னு ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்க. நான் செத்துப்போயிடுவேனா?"

கேமராவுக்குப் பின்னால் லூபி, சூப் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காற்றில் துழாவினார். மெர்வினின் கையிலிருந்த தாளில் அடுத்த வரி, 'சூடாக ஒரு கிண்ணம் மெரிவேல் குடித்தால் எல்லாம் பறந்துவிடும்' என்று இருந்தது. அவர் வாயைத் திறந்தார். துணி அவ்வளவு மெல்லியது. அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஆமாம் ஐடா," என்றார்.

லூபியின் கை காற்றிலேயே நின்றது.

"புண்ணு இல்லை. புற்று. பரவிடுச்சு. வசந்தம் வரைக்கும்னு சொன்னாங்க. உன்கிட்ட சொல்லாதேன்னாங்க, நானும் சொல்லலை. தினமும் வந்து பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

டெக்ஸ்டர் முதல் வார்த்தைக்கு மட்டும் உதட்டை அசைத்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். அந்த அழகான தாடையை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவன் சும்மா உட்கார்ந்திருக்க, குரல் மட்டும் தொடர்ந்து வந்தது. நாடு முழுவதும் அதைப் பார்த்தது.

"போதும், அழாதே," என்றாள் ஐடா தடுப்பைப் பார்த்து. "கேக்கணும்னுதான் இருந்துச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

திரையில் சூப் டப்பா வந்தது. ஓர் இசைக்குழு அதைச் சுற்றிப் பாடியது.

தாழ்வாரத்தில் மிஸஸ் புருஸ்கா கட்டிலிலிருந்து இறங்கி, தையலைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். கன்னம் சிவந்த பெண்களைத் தாண்டி ஐடாவின் கட்டில் வரை நடந்து வந்து, அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு நின்றாள்.

குரலுக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். மெர்வினும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசமான வானிலையால் டாக்டர் ஆல்டனின் உதடும் குரலும் வெவ்வேறு நேரத்தில் வந்துசேர்ந்ததாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்று மழை பெய்யாத ஊர்களிலும் ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை போய்விட்டது என்று எண்ணியே மெர்வின் ஸ்டான்ஹோப்பின் அறைக்குள் போனார். ஸ்டான்ஹோப் எழுந்து வந்து தோளில் கைவைத்தார்.

"உண்மை, மிஸ்டர் டால்பட்! இத்தனை நாளா இதை எங்கே வச்சிருந்தீங்க? கடைகள்ல ஒரு டப்பா மிச்சமில்லை. ஒஹாயோவுல கேட்டுட்டோம். வாரத்துக்கு ஒரு உண்மை வரைக்கும் தாங்கறாங்களாம்."

"தாங்கறாங்க," என்றார் லூபி.

"அதனால டாக்டர் ஆல்டன் ஒவ்வொரு வாரமும் அந்தம்மாவைப் பார்க்க வரணும். வீட்டுலயே கேமராவை வச்சிடலாம். கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கு, நாங்களும் மனுஷங்கதானே... வசந்தம்னு சொன்னீங்க. ஈஸ்டருக்கு முந்தின வாரமா இருந்தா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும். முன்கூட்டியே கொஞ்சம் சொல்ல முடியுமா?"

மெர்வின் டால்பட் வாழ்நாளில் எந்த வேஷத்தையும் மறுத்தவரல்ல. குதிரையாகக் கனைத்திருக்கிறார். புயலாக ஊளையிட்டிருக்கிறார். இப்போது தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "முடியாது சார்," என்றார்.

ஸ்டான்ஹோப் உண்மையாகவே திகைத்தார். "எது முடியாது? தேதி சொல்றதா?"

மெர்வின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு எந்த நிலையமும் அவரைக் கூப்பிடவில்லை. டெக்ஸ்டரும் வாய் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காததற்காக வேலையிலிருந்து அனுப்பப்பட்டான். டாக்டர் ஆல்டனுக்குப் புதிதாக ஒரு முகமும் புதிதாக ஒரு குரலும் வாங்கினார்கள். நாடகம் இன்னும் பல வருஷம் ஓடியது.

ஐடாவை மெர்வின் உட்சைட் பகுதியில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உயரப் பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். அவளுக்கு அது பிடித்திருந்தது. உண்மை தெரிந்துவிட்டதால் பேசவேண்டியதையெல்லாம் பேசினார்கள். ஸ்க்ராண்டனிலிருந்து அவள் தங்கை வந்து சண்டைபோட்டு, சமாதானமாகி, ஒரு வாரம் தங்கிப் போனாள். டெக்ஸ்டர் ஊருக்குப் போவதற்குமுன் வந்து, தன் கிறீச்சுக் குரலில் அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினான். "இந்தப் பையன் பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் ஐடா.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். ஜன்னலோரம் அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருந்தின் மயக்கத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"ஏதாவது பேசேன்," என்றாள்.

"என்ன பேசறது, ஐடா?"

"ஏதாவது. டாக்டர் மாதிரி வேண்டாம்."

அவர் யோசித்தார். முப்பது வருஷமாக யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசியவருக்குச் சொல்வதற்கு ஒரு வரியும் அகப்படவில்லை. அன்பாக ஏதாவது சொல்லலாம் என்று தொடங்கினால் எல்லாமே எங்கோ பேசி முடித்த வசனமாக நாக்கில் வந்து நின்றது. அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது," என்றார் கடைசியில். "காலையில பார்த்தேன். கீழ் வீட்டுக்காரனைக் கூப்பிடலாம்னு நினைச்சேன். அவன் வந்தா அரைநாள் நின்னு பேசுவான். அதான்... நானே பார்க்கலாமான்னு..."

"உனக்கு வராது," என்றாள் ஐடா. உதட்டில் லேசான சிரிப்பு.

"வராதுதான். ஆனா உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு பாரு, அதை மாத்தினாப் போதும். முதல்ல தண்ணியை நிறுத்தணும். நிறுத்தற திருகு எங்க இருக்குன்னு தெரியலை. பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியிலன்னு நினைக்கிறேன். நீ எங்கேயோ வாளி வச்சிருந்தியே, அதை எடுத்து வச்சுக்கிட்டு..."

தட்டுத் தடுமாறி, சொன்னதையே திருப்பிச் சொல்லி, அவர் பேசிக்கொண்டே போனார். ரயில் ஒன்று போயிற்று. ஜன்னல் அதிர்ந்து நின்றது. அவருடைய கைக்குள் அவள் கை கனத்துப்போனது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வளையத்தை எப்படி மாட்டுவது என்பதைச் சொல்லி முடிக்கும் வரை அவர் நிறுத்தவில்லை.